எம்பிராய்டரி கன்வென்ஷனுக்குப் போறேன்: எந்த கிளாஸ் எடுக்கலாம்?

குடியாத்தம்_நூல்கண்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் குடியாத்தம். வீட்டுலயே ஆரி, அதான் கொக்கி ஊசியில போடற எம்பிராய்டரி, போட்டுக் குடுக்கறேன், முக்காவாசி கல்யாண பிளவுஸ்தான். இந்த வைகாசியில கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்னைக்குக்கூட தெருவுல மேளம் போகுது, நான் உள்ள உக்காந்து பிளவுஸ் கைக்கு ஜர்தோசி சரிகை வெச்சிட்டு இருந்தேன். ஆடி பொறந்தாத்தான் ஃப்ரேமுக்கு ஓய்வு. அப்ப எனக்குன்னு கொஞ்சம் கிராஸ் ஸ்டிச் போட்டுக்குவேன்.

இந்த ஆடியில சென்னை நந்தம்பாக்கம் பக்கம் மூணு நாள் எம்பிராய்டரி கன்வென்ஷன் வருது. கிளாஸ், கண்காட்சி, நூல் மணி விக்கிற ஸ்டால் எல்லாம் ஒரே ஹால்ல. நான் இதுவரைக்கும் இப்படி எதுக்கும் போனதில்ல. மொத்தமா 9,000 ரூபா ஒதுக்கியிருக்கேன். தங்கறதுக்குச் சித்தி வீடு இருக்கு. பையனைக் காட்பாடியில அம்மாகிட்ட விட்டுட்டு அங்கிருந்தே ரயில் ஏறிடுவேன்.

என் நேரத்துக்கு ஒத்து வர்ற கிளாஸ் மூணுதான். பிரைடல் ஆரி, ஒரு முழு நாள். லூனவில்னு பிரெஞ்சு மணி வேலை, ரெண்டு நாள் காலையில மட்டும். கசூதின்னு கர்நாடகா நூல் வேலை, அரை நாள். லூனவில்தான் காசு ஜாஸ்தி, கிட்டோட சேர்த்தா பாதிப் பணம் அதுக்கே போயிடும். பிரைடல் ஆரி என் தொழிலுக்கு நேரா உதவும்னு தோணுது. வீட்டுக்காரர் என்னடான்னா, "தெரிஞ்ச வேலையக் கத்துக்கவா காசு கட்டிப் போற?"ன்னு கேக்கறாரு. மாமியார்தான் "போயிட்டு வாடி, நாலு பேரைப் பார்த்துட்டு வா"ன்னாங்க.

போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க. எதை எடுக்கட்டும்? பர்ச்சேஸ் முதல் நாளே பண்ணணுமா, கடைசியிலயா?


ஆற்காடு_கார்காணா எழுதியது:

வணக்கம் மா. நான் ஆற்காடு. சின்ன வயசுல இருந்து அட்டாவுல, அதான் துணியை இழுத்துக் கட்டற பெரிய மரச் சட்டத்துல, உக்காந்து ஜர்தோசி போட்டவன். இப்ப கண்ணு ஒத்துழைக்கல, தொழிலை மக பார்த்துக்குது. அது இழுத்துட்டுப் போய்த்தான் இந்த மாதிரி ஒரு கன்வென்ஷனை நானும் பார்த்தேன். ஹால் பூரா பொம்பளைங்க. ஆம்பளைன்னு பார்த்தா நானும் டீ குடுக்கற பையனும்தான்.

பிரைடல் ஆரி எடுக்காத. லூனவில் எடு.

காரணம் சொல்றேன். கார்காணாவுல, அதான் எம்பிராய்டரி பட்டறையில, ஒரு அட்டாவைச் சுத்தி நாலஞ்சு பேர் உக்காருவோம். புதுசா வர்ற பையன் மாசக்கணக்குல எதிர்ல உக்காந்து பார்ப்பான். மேல ஊசி பிடிச்ச கையை எல்லாரும்தான் பார்ப்பாங்க. விவரமான பையன் குனிஞ்சு அட்டாவுக்குக் கீழ இருக்கற கையைப் பார்ப்பான். கொக்கி துணியைக் குத்தி இறங்குற நேரத்துல கீழ் கை நூலை எந்தப் பக்கம் சுத்திக் குடுக்குது, எவ்ளோ இறுக்கிப் பிடிக்குது, சங்கிலி ஒரே அளவா விழுறதும் கோணிக்கறதும் அதுல இருக்கு. நீ பார்க்கற வீடியோ எல்லாத்துலயும் கேமரா துணிக்கு மேலதானே நிக்குது? அதனால வீடியோவுல வராத வேலைக்குத்தான் காசு கட்டணும். பிரைடல் ஆரியில புது டிசைன் நாலு காட்டுவாங்க. அந்த டிசைன் அடுத்த மாசம் உன் போனுக்கே வந்துடும்.

லூனவில்னா என்ன? பிரான்சுல ஒரு ஊர் பேரு. ஊசி நம்ம ஆரி மாதிரியே கொக்கி ஊசிதான். ஆனா நாம மணியை ஊசியில மேலிருந்து கோத்துக் குத்துறோம், நல்ல பக்கம் நம்மளைப் பார்த்து இருக்கும். அவங்க அப்படியே தலைகீழ். மணி பூரா முன்கூட்டியே நூல்ல கோத்து துணிக்குக் கீழ தொங்கும். நீ மேல, பின்பக்கத்துல, வெறும் சங்கிலி போட்டுட்டே போவ. ஒவ்வொரு தையலுக்கும் கீழ் கை ஒரு மணியை மேல தள்ளி விடும். நல்ல பக்கம் தரையைப் பார்த்து இருக்கும். முழு வித்தையும் கீழ் கையில.

நேர் வரிசை, பார்டர், நெருக்கமா நிரப்புறது, இதெல்லாம் இப்படிப் போட்டா சரசரன்னு ஓடும். மணியை ஒண்ணொண்ணா பொறுக்கற வேலை இல்ல. சுகர் பீட்ஸ்ங்கற பொடி மணியைச் சரமாவே வாங்கினா, சர நூலோட உன் நூலை முடிஞ்சு மணியை அப்படியே தள்ளி ஏத்திக்கலாம். வீட்டுக்காரர் கேட்டதும் நியாயமான கேள்விதான், தெரிஞ்ச வேலைக்குப் பணம் எதுக்கு? இது தெரியாத வேலைன்னு சொல்லு. உன் கைக்குப் பாதி தெரியும், அதனால கிளாஸ்ல மத்தவங்களை விட நீ சீக்கிரம் பிடிச்சுக்குவ.

போறதுக்கு முன்ன ரெண்டு விஷயம் தெரிஞ்சிக்க. பின்பக்கத்துல வேலை செய்யறதால டிசைன் கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பும். வலது பார்க்கற மயில் இடது பார்க்கும். மயில்னா பரவாயில்ல, இப்ப பொண்ணு மாப்பிள்ளை பேரை முதுகுல எழுதச் சொல்றாங்களே, அதைத் திருப்பி ட்ரேஸ் பண்ணலைன்னா முடிஞ்சது கதை. ட்ரேஸ் பேப்பர்ல குத்தின பிறகு பேப்பரையே மறுபக்கம் திருப்பி வெச்சுத் தேய்ச்சா போதும். இதுல நமக்கு ஒரு லாபமும் இருக்கு. ட்ரேஸ் பண்ணத் தேய்க்கற ஜிங்க் பவுடரும் மண்ணெண்ணெயும் பின்பக்கத்தோட போயிடும், பட்டு மேல வெள்ளைக் கறை நிக்காது.

அடுத்தது கடைசி முடிச்சு. சங்கிலித் தையலோட குணம் உனக்குச் சொல்லணுமா? கடைசி வளையம் கட்டாம விட்டா ஒரு இழுப்புல அத்தனையும் பிரிஞ்சு வரும். நம்ம முறையிலயும் அப்படித்தான், ஆனா இதுல மணியும் சேர்ந்து கொட்டும். டீச்சர் எப்படிப் பூட்டுறாங்கன்னு ரெண்டு தடவை போடச் சொல்லிப் பாரு. வெக்கப்படாத.

கிட்ல ஆர்கண்டி மாதிரி கண்ணாடித் துணிதான் குடுப்பாங்க, கீழ மணி தெரியணும்னு. ஊசிக் கைப்பிடியில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கொக்கி எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம் ஸ்க்ரூவை வெச்சுக்கணும். ஊசி துணிக்குள்ள இருக்கும்போது கொக்கி தெரியாது, ஸ்க்ரூவைப் பார்த்துத்தான் திருப்பணும். இது புரிஞ்சா முதல் நாள் காலையிலயே பாதி கிளாஸ் முடிஞ்ச மாதிரி. வீட்டுக்கு வந்து கெட்டிப் பட்டுல போடும்போது மணி தெரியாது, விரல் தடவித்தான் போகணும். அதுக்கும் சேர்த்து அங்கயே கேட்டுக்க.

எங்க உக்கார்றதுன்னு யாரும் கேக்கறதில்ல. பெரிய திரை வெச்சிருப்பாங்க, ஜனம் எல்லாம் திரைக்கு நேரா போய் உக்காரும். நீ டீச்சருக்குப் பக்கவாட்டுல, தாழ்வான நாற்காலியா பார்த்து உக்காரு. கீழ் கை தெரியற இடம் எதுவோ அதுதான் நல்ல சீட்டு.

இந்தக் கொக்கி ஊசி முதல்ல தோல் வேலையில இருந்ததுதான், தெரியுமா? குஜராத் கட்ச் பக்கம் மோச்சிங்கன்னு, செருப்புத் தைக்கற ஜனம், தோல்ல போட்டதைத் துணிக்குக் கொண்டு வந்தாங்க. ஆம்பூர், வாணியம்பாடியை இந்தப் பக்கம் வெச்சிக்கிட்டு நாம ஆரியை என்னமோ பூ வேலைன்னு நினைச்சிட்டு இருக்கோம். சரி, அது இருக்கட்டும்.

கசூதி நல்ல வேலைதான். முடிச்சே போடாம, இழை எண்ணிப் போடறது. கவந்தி, முர்கி தையல் எல்லாம் முன்னயும் பின்னயும் ஒரே மாதிரி இருக்கும். கிராஸ் ஸ்டிச் போடற உன் கைக்கு அது தானா வரும், அதனாலதான் இந்தத் தடவை வேணாங்கறேன்.

வாங்கறதை ரெண்டு நாள் கிளாசும் முடிஞ்ச பிறகு வெச்சிக்க. எந்த சைஸ் மணி, எந்த நம்பர் ஊசின்னு கைக்குத் தெரிஞ்ச பிறகு வாங்கற பொருள்தான் வேலைக்கு வரும். மத்தது அலமாரிக்கு.


ரங்காபுரம்_மேட்டி எழுதியது:

பாய் கிளாஸ் பத்திச் சொன்னது அத்தனையும் ஒத்துக்கறேன். பர்ச்சேஸ் விஷயத்துல மட்டும் சண்டை போடப் போறேன்!

நான் கிராஸ் ஸ்டிச் ஆளு. கையால சாயம் போட்ட நூல், ஒரே கண்டுல ரெண்டு மூணு நிறம் ஓடுற நூல், இதெல்லாம் ஸ்டாலுக்குக் கொஞ்சமாத்தான் கொண்டு வருவாங்க. முதல் நாள் மத்தியானமே காலி. ஒரு நிறத்துக்கு எத்தனை கண்டு வேணுமோ ஒரே சமயத்துல வாங்கிடணும். அடுத்த சாயத்துல அதே நம்பர் வாங்கினாலும் ஒரு நூல் வெளுத்துத் தெரியும். அதனால முதல் நாள் கிளாஸ் முடிஞ்ச உடனே, சாப்பாட்டுக்கு முன்ன, நூல் ஸ்டாலுக்கு ஓடுங்க. மணி, ஊசி வேணும்னா பாய் சொன்ன மாதிரி ரெண்டாவது நாள்.

நம்பர் எழுதிட்டுப் போங்க. டி.எம்.சி. 310ம் ஆங்கர் 403ம் ரெண்டுமே கருப்புதான், கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் மாறும். உங்க பேட்டர்ன் டி.எம்.சி.யில இருந்து கையில ஆங்கர் இருந்தா குழம்பிடுவீங்க. சிவப்பு வாங்கினா ஈர வெள்ளைத் துணியில அழுத்திப் பாருங்க, சாயம் விடுதான்னு. நான் வீட்டுக்கு வந்தாத்தான் பார்ப்பேன், ஸ்டால்ல பார்த்தா கடைக்காரம்மா முறைக்கறாங்க.

துணி விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம். நம்ம ஊர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கற மேட்டி துணியில, நீளத்துல ஒரு இன்ச்சுக்கு எத்தனை கட்டமோ அகலத்துல அத்தனை இருக்கறதில்ல. வட்டமா போட்ட பூ முட்டையா வரும். ஸ்கேல் வெச்சு ரெண்டு பக்கமும் எண்ணிட்டு வாங்குங்க. ஐடான்னு கட்டம் சரியா வர்ற துணி, 14 கவுண்ட், அதாவது ஒரு இன்ச்சுக்கு 14 கட்டம், கிடைச்சா எடுங்க. கணக்கு சுலபம்: 112 தையல் அகலம், 84 உயரம்னா டிசைன் 8க்கு 6 இன்ச். சுத்தி மூணு மூணு இன்ச் விட்டா 14க்கு 12 துணி. ஃப்ரேம் போடற கடைக்காரர் ஓரம் பத்தலன்னு சொன்னா அழுகையா வரும், அதனால மூணு இன்ச்சுல கை வைக்காதீங்க.

சாதா சுகர் பீட்ஸ், சமிக்கி, குந்தன் கல்லு எல்லாம் கன்வென்ஷன்ல வாங்காதீங்க. சௌகார்பேட்டையில வாங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை அங்க பாதிக் கடை சாத்தியிருக்கும், அதையும் பார்த்துக்குங்க.


காட்பாடி_ஜன்னல்சீட் எழுதியது:

எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது, மனைவிக்காக இந்தப் பதிவுகளைப் படிக்கறேன். ரயில் மட்டும் சொல்றேன். காலையில ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிச்சா சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவுல பச்சை லைன்ல ஆலந்தூர், அப்புறம் ஆட்டோ. சௌகார்பேட்டை போற அன்னைக்குன்னா வேலூர் கன்டோன்மென்ட் வழியா பீச் போற மெமு வசதி, பாரிமுனை பக்கத்துல இறக்கி விட்டுடும். ஆடிக் கிருத்திகை தேதியைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. திருத்தணி காவடிக் கூட்டத்துல அரக்கோணம் வரைக்கும் கால் வைக்க இடம் இருக்காது.


குடியாத்தம்_நூல்கண்டு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாய், ஒரு சந்தேகம். என் ஃப்ரேமையும் ஸ்டாண்டையும் தூக்கிட்டு வரணுமா? அப்புறம் சரிகை நூல் அங்க நல்லதா கிடைக்குமா? இங்க வாங்கற தங்க நூல் ஒரு சலவைக்கே கருத்துப் போகுது, கஸ்டமர் திட்டறாங்க.


ஆற்காடு_கார்காணா எழுதியது:

ஃப்ரேம் வேணாம் மா, அங்கயே மேஜையில மாட்டித் தருவாங்க. எதுக்கும் புக் பண்ணும்போது கிட்ல ஃப்ரேம் உண்டா, வெறும் துணி மணி மட்டுமான்னு கேட்டுக்க. ரெண்டு கையும் சும்மா இருக்கணும், ஒரு கையால பிடிக்கற வளையம் இதுக்கு ஆகாது. உன் பழைய ஆரி ஊசியை எடுத்துட்டுப் போ, ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாத்தான் வித்தியாசம் புரியும். கண்ணாடி போடறதா இருந்தா பவர் சரியான்னு இப்பவே காட்டிடு. ஏ.சி. குளிருக்கு ஒரு ஷால். சின்னக் கத்தரிக்கோல்ல கலர் நூல் கட்டி வை, மேஜைக்கு மேஜை எல்லாம் ஒரே மாதிரி கத்தரிதான் இருக்கும்.

சரிகைக்கு ஒரு துண்டு நூல் கேட்டு வாங்கி, வெளிய வந்து தீக்குச்சி காட்டு. உருண்டு கட்டியா சுருங்கினா பிளாஸ்டிக். உள் நூல் மட்டும் எரிஞ்சு கம்பி நின்னா உலோகம். ஆனா உலோகம்னதும் சந்தோஷப்படாத, செம்புக் கம்பியில முலாம் போட்டதுதான் ஜாஸ்தி, கருக்கறதும் அதுதான். உசந்த சரிகைன்னா வெள்ளிக் கம்பியைப் பட்டு நூல்ல சுத்தித் தங்க முலாம் போட்டது, அந்த விலை பிளவுஸுக்குக் கட்டுப்படியாகாது. கருக்கக் கூடாதுன்னு மட்டும் கேக்கற கஸ்டமருக்கு நான் பிளாஸ்டிக்கையே போடுவேன், சொல்லிட்டுத்தான் போடுவேன். எங்க வாப்பா இருந்திருந்தா அடிச்சிருப்பார்.

நூல் ஸ்டால் பத்தி ரங்காபுரத்தம்மா சொன்னது சரிதான். நான் நூல்காரன் இல்ல, மணிக்காரன்.


குடியாத்தம்_நூல்கண்டு எழுதியது:

லூனவில் புக் பண்ணிட்டேன். ஃப்ரேம் அவங்களே தர்றாங்களாம். கசூதி இல்ல, மிச்சப் பணத்துல நூலும் ஐடாவும். கிருத்திகை அந்த வாரம் இல்ல, காலண்டர்ல பார்த்துட்டேன். பேரைத் திருப்பி எழுதணும்ங்கற கதையை வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப பேரு போட்ட பிளவுஸுக்குத் தனியா எவ்ளோ வாங்கலாம்?"ங்கறாரு.