பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, டிக்கெட்டில் தாத்தா பெயர்: அம்மாவை எப்படி ஏற்றி அனுப்புவது?

கோவில்பட்டிப் பெண் (ராலே, வட கரோலினா)

வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன்.

எனக்கு அடுத்த மாதக் கடைசியில் பிரசவம். அம்மா கோவில்பட்டியிலிருந்து வருகிறார். வயது 63. இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. சென்னையில் ஏறி, வளைகுடாவில் ஓர் ஊரில் மாறி, வாஷிங்டனில் இறங்க வேண்டும். அங்கிருந்து ராலேவுக்கு வேறொரு நிறுவனத்தின் உள்நாட்டு விமானம். எல்லாம் ஒரே டிக்கெட்டில்தான். பயணம் வரும் 18-ம் தேதி, இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

அம்மாவின் பெயர் செல்லம்மாள். அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேம் கட்டத்தில் செல்லம்மாள். டிக்கெட் போட்ட ஆன்லைன் தளத்தில் 'லாஸ்ட் நேம்' எழுதாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. அப்போது இரவு 1 மணி. பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டில் மா. செல்லம்மாள் என்றுதானே இருக்கிறது, இனிஷியலை விரித்து எழுதிவிடலாம் என்று தாத்தா பெயரைப் போட்டுவிட்டேன். டிக்கெட் 'செல்லம்மாள் மாடசாமி' என்று வந்துவிட்டது. போக வர 1,12,000 ரூபாய்.

நேற்று விசாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அமெரிக்க விசாவில் சர்நேம் செல்லம்மாள், கிவன் நேம் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. ஆக பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் ஒரு மாதிரி.

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்து பேசினேன். "பெயரை மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது, வேறு டிக்கெட் வாங்குங்கள்" என்றார்கள். விமான நிறுவனத்தைக் கேட்டால், "எங்களிடம் நேரடியாக வாங்கிய டிக்கெட் இல்லை, வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்கிறார்கள். வாங்கி 11 நாள் ஆகிவிட்டது.

இப்படியே அனுப்பினால் சென்னையில் ஏற்றுவார்களா? வாஷிங்டனில் மாறும்போது பிரச்சினை வருமா? இங்கிலீஷும் தெரியாத அம்மா ஒரு கவுன்டரில் தனியாக நிற்பதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

---

பொன்மலை (சிங்கப்பூர்)

ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருக்கும், அதைக் காட்டினால் போதும். என் மாமனார் இப்படித்தான் திருச்சியிலிருந்து இரண்டு முறை வந்து போனார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

---

டிக்கெட்டிங் 22 வருடம் (திருச்சி)

பொன்மலை சார் சொல்வது அவர் வழித்தடத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். அமெரிக்கப் பயணத்துக்கு அதை நம்பி அனுப்பாதீர்கள், தங்கச்சி. அமெரிக்காவுக்கான விமானத்தில் பயணியின் முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் விமான நிறுவனம் முன்கூட்டியே, சாதாரணமாக 72 மணி நேரத்துக்கு முன்னால், அந்நாட்டுப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 'செக்யூர் ஃப்ளைட்' என்பார்கள். அதில் போகும் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். கவுன்டரில் இருப்பவர் இரக்கப்பட்டாலும் அவர் கையில் எல்லாம் இல்லை.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் போனில் நீங்கள் தைரியமாகப் பேச முடியும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தைத் திறந்து அடியில் பாருங்கள். 44, 44 எழுத்தாக இரண்டு வரி இருக்கும். முதல் வரி 'பி' என்று தொடங்கி, நாட்டின் குறியீடு, அது முடிந்ததும் பெயர். சர்நேம் இருப்பவருக்கு முதலில் சர்நேம், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு சொந்தப் பெயர். சர்நேம் இல்லாதவருக்கு அந்த முதல் இடத்தில் இருக்கும் ஒரே பெயரைப் போட்டுவிட்டு, மிச்ச வரியை அம்புகளால் நிரப்பிவிடுவார்கள். மேலே கட்டத்தில் செல்லம்மாள் 'கிவன் நேம்'. ஆனால் மெஷின் படிக்கும் வரியில் அதே செல்லம்மாள் சர்நேம் இடத்தில் நிற்கிறது. விசா அதைத்தான் பின்பற்றியிருக்கிறது. எஃப்.என்.யூ. என்றால் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். விசா விண்ணப்பத்திலேயே அப்படி நிரப்பச் சொல்லித்தான் விதி. யாரும் தப்பு செய்யவில்லை. உங்கள் அம்மாவின் பெயரிலும் குறை ஒன்றும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. போனில் 'நேம் சேஞ்ச்' என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். அந்தத் தொழிலில் நேம் சேஞ்ச் என்றால் ஒருவர் டிக்கெட்டை இன்னொருவருக்குக் கொடுப்பது, அதை யாரும் விடமாட்டார்கள். நீங்கள் கேட்பது 'நேம் கரெக்ஷன்', அதே ஆள், அதே பாஸ்போர்ட். அழைப்பை எடுப்பவர் முன்னால் இருக்கும் திரையில் இரண்டுக்கும் வேறு வேறு பதில் இருக்கும்.

அப்புறம் இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் எந்த விமான நிறுவனத்தின் பெயரில் டிக்கெட் அடிக்கப்பட்டது என்று காட்டும். திருத்தத்துக்குச் சம்மதம் கொடுக்க வேண்டியது அந்த நிறுவனம். செய்து கொடுக்க வேண்டியது டிக்கெட் அடித்த ஏஜென்ட். பல ஆன்லைன் தளங்கள் தாங்களே டிக்கெட் அடிப்பதில்லை, பின்னால் ஒரு மொத்த ஏஜென்ட் இருப்பார். 'முடியாது' என்று சொன்ன பையனுக்கு அது தெரிந்திருக்காது. அதனால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் விமான நிறுவனத்துக்குப் பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்களிடம் "ஏஜென்ட் திருத்தலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள், அல்லது பி.என்.ஆரிலேயே குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அதைக் காட்டித் தளத்தில் கேளுங்கள்.

இரண்டு நிறுவன விமானம் என்பதால் பெயரை மட்டும் தட்டிவிட்டால் போதாது. ராலே விமானத்தின் நிறுவனத்துக்கும் புதுப் பெயர் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலும் டிக்கெட்டையே மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். 'ரீ-இஷ்யூ' ஆகுமா, புது டிக்கெட் எண் வருமா என்று கேளுங்கள்.

எந்தப் பெயர் போட வேண்டும் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் சர்நேம் செல்லம்மாள், முதல் பெயர் எஃப்.என்.யூ. என்பார்கள். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். விசாவோடு ஒத்துப்போவதால் அமெரிக்காவுக்கு முதலாவதைத்தான் நான் விரும்புவேன். ஆனால் நிறுவனம் சொல்வதே முடிவு. பெயரோடு ஒட்டிக்கொண்டு 'எம்.ஆர்.எஸ்' என்று வந்தால் பயப்படாதீர்கள், அது 'திருமதி' என்பது இடைவெளி இல்லாமல் அச்சாவது, அவ்வளவுதான்.

---

செங்கல்பட்டு வாசகர்

அண்ணன் சொன்னதைத் தட்டிக் கழிக்காமல் செய்யுங்கள் அக்கா. 2023-ல் என் அப்பாவுக்கு இதே கதை, டிக்கெட்டில் தாத்தா பெயர். சென்னை செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, அடியில் இருக்கும் வரியில் விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் படித்தார். மறுபடி டிக்கெட்டைப் படித்தார். அப்புறம் எழுந்து உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. கடைசியில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் அப்பா கையில் கொடுத்தது முதல் விமானத்தின் போர்டிங் பாஸ் மட்டும்தான். அடுத்ததை இடையில் இறங்கும் ஊரில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே அப்பா மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. அவருக்காவது இங்கிலீஷ் தெரியும்.

வாங்கிய 24 மணி நேரத்துக்குள் பார்த்திருந்தால் எங்களுக்கு இந்த அலைச்சலே இல்லை. நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் சொல்லும் பெயர்ப் பிழைக்குக் காசு வாங்கக் கூடாது என்று நம் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதியே இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லா டிக்கெட்டையும் நான் நேரடியாகத்தான் வாங்குகிறேன். 2,000 ரூபாய் கூடுதலானாலும் சரி.

---

ஈப்போ தமிழன் (மலேசியா)

எங்கள் பக்கத்தில் வேறு விதம். இங்கே 'ஏ/எல்' (இன்னாரின் மகன்), 'ஏ/பி' (இன்னாரின் மகள்) என்று போட்டுத்தான் தகப்பன் பெயர் வரும். டிக்கெட்டில் அந்தச் சாய்கோட்டைப் போட முடியாது, அங்கே சாய்கோடு என்றால் சர்நேமையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் கோடு. நாங்கள் கோடு இல்லாமல் சேர்த்து எழுதுகிறோம். அதனால் சிக்கல் வந்ததில்லை. ஒற்றைப் பெயர்தான் எங்குமே தலைவலி. 2022 நவம்பரில் அமீரகம் விசிட் விசாவில் ஒற்றைப் பெயர் செல்லாது என்று அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து துபாய் போகவிருந்த என் சொந்தக்காரர்கள் தவித்துப் போனார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பார்கள் என்று விளக்கம் வந்தது.

சகோதரி, பேசாமல் பாஸ்போர்ட்டிலேயே சர்நேம் சேர்த்துவிடலாமே? தட்காலில் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்களே.

---

டிக்கெட்டிங் 22 வருடம் (திருச்சி)

இப்போது வேண்டாம். ரீ-இஷ்யூ கட்டணம் 1,500, தட்கால் என்றால் 3,500, காசு பிரச்சினை இல்லை. ஆனால் விசா பழைய பெயரில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றிவிட்டால் இன்னொரு முடிச்சு விழும். அம்மா போய்த் திரும்பி வந்த பிறகு நிதானமாகச் செய்யலாம்.

இன்னொன்று, தங்கச்சி. டிக்கெட் சரியாகும் வரை ஆன்லைன் செக்-இன் செய்துவிடாதீர்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் அதே பி.என்.ஆரில் இருப்பதால் அதிலும் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

---

கோவில்பட்டிப் பெண் (ராலே, வட கரோலினா)

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். டிக்கெட் சரியாகிவிட்டது!

அண்ணன் சொன்ன வரிசையிலேயே போனேன். விமான நிறுவனம் முதல் மின்னஞ்சலுக்குப் பொதுவான பதில்தான் அனுப்பியது. இரண்டாவதில் 'நேம் கரெக்ஷன், அதே பயணி, பாஸ்போர்ட் நகல் இணைப்பில்' என்று தலைப்பிலேயே எழுதினேன். மறுநாள் பி.என்.ஆரில் குறிப்பு எழுதிவிட்டதாகப் பதில் வந்தது. அந்தப் பதிலைத் தளத்தில் படித்துக் காட்டியதும், போன வாரம் 'முடியாது' என்ற அதே இடத்தில் 'செய்யலாம், கட்டணம் 75 டாலர்' என்றார்கள். கொடுத்துவிட்டேன். எங்களுடையதையும் சர்நேம் செல்லம்மாள், முதல் பெயர் எஃப்.என்.யூ. என்றுதான் போட்டார்கள். புது டிக்கெட் எண் வந்தது. திரும்பி வரும் பயணத்திலும் பெயர் மாறியிருக்கிறது, பார்த்துவிட்டேன். ராலே விமானத்தின் நிறுவனத்துக்கும் போன் செய்து கேட்டேன், அவர்கள் திரையிலும் புதுப் பெயர்தான்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: டிக்கெட்டை மறுபடி அடித்தபோது நான் முன்பே கேட்டு வைத்திருந்த சக்கர நாற்காலியும் சைவச் சாப்பாடும் காணாமல் போய்விட்டன. யாரும் சொல்லவில்லை, தற்செயலாகத்தான் பார்த்தேன். சக்கர நாற்காலி வந்தால்தான் ஒவ்வொரு இடத்திலும் அம்மாவோடு ஓர் ஆள் வருவார். அதுவும் வாஷிங்டனில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். இரண்டு நிறுவனத்திலும் தனித்தனியாகச் சொல்லி மறுபடி சேர்த்தேன். டிக்கெட் மாறினால் இதையும் கட்டாயம் பாருங்கள்.

புது டிக்கெட்டை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துக் காட்டியிருக்கிறாள். உடனே அம்மா போன் செய்து, "எங்க அய்யா பேரு இருந்துச்சே, ஏன் எடுத்துட்டாங்க?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாத்தா பெயர் அப்படியேதான் இருக்கிறது என்றேன். போனை வைக்காமலே பீரோவைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து, அந்தப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் சரி என்றார்.

அண்ணன், செங்கல்பட்டுத் தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மா வந்து இறங்கியதும் இங்கே எழுதுகிறேன்.