சபைக் கணக்கைக் கேட்க அடுத்து என்ன வழி?

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் திருச்சபை எங்களுடையது. போன அசனப் பண்டிகையில் (சபையார் கூடி உண்ணும் விருந்து) சேவல், வாழைத்தார் என்று நல்ல விலைக்கே ஏலம் போனது. "அடுத்த மாதமே கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவோம்" என்று செயலாளர் ஆராதனையிலேயே அறிவித்தார். இன்னும் ஒட்டவில்லை. வாலிபர் கூட்டத்தில் உண்மையைப் பற்றிப் பேசுவதும் அவர்தான்; பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பணத்தை எடுத்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை.

மத்தேயு 18:15-ன்படி முதலில் தனியாகப் போய்க் கேட்டேன். "பார்க்கலாம் தம்பி" என்றார். அப்புறம் இரண்டு பெரியவர்களோடு போனேன். ரசீதுக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். செலவு வவுச்சர்களைக் கண்ணில் காட்டவில்லை. குருவானவரிடம் சொன்னதற்கு, ஜெபியுங்கள் என்றார். சரி, ஜெபிக்கிறோம்.

அதே அதிகாரம் 17-ஆம் வசனம் சபைக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது. சபைக் கூட்டத்தில் நேரடியாக எழுந்து கேட்கலாமா, அதற்குமுன் எழுத்தில் மனு கொடுக்க வேண்டுமா?