மூட்டுப் பரிசோதனையை நேரில் கற்றுக்கொள்ள வழி உண்டா?

வணக்கம் டாக்டர்ஸ். திண்டுக்கல் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெடிக்கல் ஆபீசராக இருக்கிறேன். மூட்டு வலி என்று வருபவர்களில் யாரை உடனே ரூமட்டாலஜிக்கு (வாதநோய்ப் பிரிவுக்கு) அனுப்ப வேண்டும் என்பதைக் கையால் பார்த்தே முடிவு செய்யும் அளவுக்குத் தேற வேண்டும்.

போன வாரம் பூ கட்டும் அக்கா ஒருவர் வந்தார். காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதாம். விரல்களின் அடிமூட்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்தியதுமே கையை இழுத்துக்கொண்டார். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் ‘முடக்குவாதம் இல்லை’ என்று வெளியே சொல்லி அனுப்பிவிட்டார்கள். நெகட்டிவ் வந்தாலும் நோய் இருக்கலாமே! மேல் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் விரலுக்கடியில் மெத்தென்று படும் சவ்வு வீக்கத்தையும் தேய்மானத்தில் வரும் கெட்டியான எலும்புப் புடைப்பையும் பிரித்தறிய, நிறைய கைகளைத் தொட்டுப் பார்த்துத்தான் பழக வேண்டும். வீடியோ போதாது.

மதுரையில் வாதநோய் ஓ.பி.யில் வாரம் ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்க்க யாராவது அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? கடிதம் யாருக்குக் கொடுக்க வேண்டும்? முழங்கால் நீர் எடுப்பதை, ஊசி போடுவதை முதலில் பொம்மையில் பழக்கும் பயிற்சி எங்காவது உண்டா?

இன்னொன்று. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து வாரம் ஒரு முறைதான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இதை நோயாளிக்குப் புரியவைக்கத் தமிழில் அட்டை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இங்கே போடுங்கள். எங்கள் நர்ஸ்களுக்கும் இப்போதே தேவைப்படுகிறது.