பிங் எல்லா முனைக்கும் போகிறது, பேபல் மட்டும் வழி காட்ட மறுக்கிறது

கேள்வி:
வணக்கம். தானாகவே ஒழுங்கமைந்துகொள்ளும் விபிஎன் (இணையத்தின் மேல் அமைக்கும் தனிப்பட்ட வலையமைப்பு) ஒன்றை, ஒரே மடிக்கணினியில் 8 லினக்ஸ் நேம்ஸ்பேஸ்களை (தனித்தனி வலையமைப்புச் சூழல்களை) முனைகளாக வைத்துப் பாவனை செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு முனையிலும் ஒரு வயர்கார்டு (விபிஎன் மென்பொருள்) இடைமுகம், அதில் மற்ற 7 பியர்கள் (எதிர்முனைகள்). வயர்கார்டு தானாகத் தராத லிங்க் லோக்கல் முகவரிகளை (ஓர் இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகளை) கையால் இட்டு, அதன்மேல் பேபல் என்ற, முனைகளுக்கிடையே வழி கண்டுபிடிக்கும் ரூட்டிங் நெறிமுறையை ஓட்டுகிறேன். எங்கிருந்து எங்கும் பிங் போகிறது. ஆனால் 7, 8 ஆகிய இரண்டுக்கும் இடையில் மட்டுமே பேபல் வழி அமைக்கிறது. மற்ற ஆறு முனைகளின் வழிப்பட்டியல் காலியாகவே கிடக்கிறது. இரண்டு நாளாக ஃபயர்வாலைக் குடைந்தும் பயனில்லை.

மறுமொழி:
ஃபயர்வாலை விட்டுவிடுங்கள், பாவம். எல்லாப் பியர்களின் அலவ்டு ஐபி பட்டியலிலும் (அந்தப் பியருக்கு உரிய முகவரிகளின் பட்டியல்) மல்டிகாஸ்ட் முகவரித் தொகுதியான எஃப்எஃப்02::/16 என்று எழுதியிருக்கிறீர்களா? ஓர் இடைமுகத்தில் ஒரு முகவரித் தொகுதி ஒரே பியருக்குத்தான் உரியது. அதையே அடுத்த பியருக்கும் கொடுத்தால், வயர்கார்டு பிழை எதுவும் காட்டாமல் முதல் பியரிடமிருந்து பிடுங்கி, கடைசியாகச் சேர்த்த பியரிடம் ஒப்படைத்துவிடும். பிங் யூனிகாஸ்ட் (ஒரே முனைக்கு அனுப்புவது) என்பதால் தப்பித்துக்கொள்கிறது. அண்டை முனைகளைக் கண்டறியப் பேபல் அனுப்பும் ஹலோ செய்தி மல்டிகாஸ்ட்டில் (பல முனைகளுக்கும் ஒருசேர) போவதால் மாட்டிக்கொள்கிறது. வயர்கார்டின் நிலையைக் காட்டும் 'டபிள்யூஜி ஷோ' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
அப்படியேதான் இருக்கிறது. முனை 1 முதல் 7 வரை அந்தத் தொகுதி பியர் 8க்கு நேராக மட்டும் நிற்கிறது; முனை 8இல் பியர் 7க்கு நேராக. பியருக்கு ஓர் இடைமுகம் என்று பிரித்தால் 28 டனல் (இரு முனைகளுக்கிடையேயான விபிஎன் இணைப்பு), 56 இடைமுகம் ஆகுமே?

மறுமொழி:
ஆகும், 50 முனைகளுக்கு 1225 டனல். ஆனால் எல்லோரும் எல்லோரோடும் நேராக இணைந்திருந்தால் ரூட்டிங்குக்கு அங்கே என்ன வேலை? முனைக்கு 3 அண்டைகள் போதும். 12 டனல்களில் முடியும். ஒவ்வொரு இடைமுகத்துக்கும் தனி யூடிபி போர்ட் கொடுங்கள். ஒரே பியர் இருப்பதால் அலவ்டு ஐபியில் ::/0 என்றே எழுதலாம்.

கேட்டவர்:
வேலை செய்கிறது, மிக்க நன்றி. ஒரு டனலை நெட்டெம் (வலையமைப்பில் தாமதம், இழப்பு போன்றவற்றைப் பாவனை செய்யும் லினக்ஸ் கருவி) கொண்டு முழுவதும் அடைத்தால், பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் வழி மாறிவிடுகிறது. ஆனால் அதிலேயே 100 மில்லிவிநாடி தாமதம் மட்டும் சேர்த்தால் அசைவதே இல்லை.

மறுமொழி:
அந்த விநாடிகள் இயல்பானவை; ஹலோ 4 விநாடிக்கு ஒருமுறைதான் போகிறது. தாமதத்தைப் பேபல் பொருட்படுத்த வேண்டுமானால், இடைமுகத்தின் வகையை 'டனல்' என்று அறிவியுங்கள். அப்போதுதான் அது போய்வரும் நேரத்தை அளந்து, 10 முதல் 120 மில்லிவிநாடி வரையிலான வரம்பில் அந்த இணைப்பின் செலவை (வழியைத் தேர்ந்தெடுக்கப் பேபல் ஒப்பிடும் மதிப்பை) ஏற்றும்.