பருத்தி நூலில் பாத்திரத் துணி பின்னுவது எப்படி?

கேள்வி: அக்காமார்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே தோட்டக் குடியிருப்பில் வசிக்கும் நான், பாத்திரம் துடைக்கும் துணியை இரண்டு ஊசிகளால் பின்ன விரும்புகிறேன். இங்குள்ள கடையில் எளிதாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் போதுமா? எத்தனை கண்ணிகளில் (ஊசியில் ஏற்றும் நூல் வளையங்கள்) தொடங்க வேண்டும்?

மறுமொழி 1: அக்ரிலிக் வேண்டாம், தங்கச்சி. அது தண்ணீரை உறிஞ்சாது. சூடான சட்டியைத் தொட்டால் உருகவும் கூடும். நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூல் 50 கிராமும், 4.5 மி.மீ. மூங்கில் ஊசிகளும் வாங்குங்கள்.

மறுமொழி 2: மூலையிலிருந்து தொடங்கும் முறையே புதியவர்களுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. 4 கண்ணிகள் ஏற்றி ஒரு வரிசை நேராகப் (அடிப்படையான 'நிட்' பின்னல்) பின்னுங்கள். அடுத்து ஒவ்வொரு வரிசையிலும் 2 கண்ணிகள் பின்னி, நூலை ஊசியின் மேல் ஒருமுறை சுற்றி, மீதியை நேராகப் பின்னினால், வரிசைக்கு ஒரு கண்ணி கூடுவதோடு ஓரத்தில் அழகான துளைகளும் அமையும். 44 கண்ணிகள் சேர்ந்ததும் ஒவ்வொரு வரிசையிலும் குறைக்கத் தொடங்குங்கள்: 1 கண்ணி பின்னி, 2 கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, ஊசியின் மேல் நூலை ஒரு சுற்று சுற்றி, மீண்டும் 2 சேர்த்து ஒன்று, பிறகு வரிசை முடியும்வரை நேர்ப்பின்னல். நான்கே கண்ணிகள் எஞ்சும்போது முடித்துவிடலாம்.

மறுமொழி 3: அக்கா கூறிய முறையில்தான் நானும் பின்னுகிறேன். பருத்தி நூல் கம்பளிபோல் இழுபடாது என்பதால், இறுக்கிப் பின்னினால் விரல்கள் வலிக்கும். மாலை மழை பெய்யும் நம் ஊரில், தளர்வான பின்னலே விரைவில் உலரும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.