பஞ்சர் தாங்கும் டயர்: கனம் பரவாயில்லைன்னு மாறினவங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். பெங்களூருல முருகேஷ்பாளையத்துலேர்ந்து பெல்லந்தூர் ஆபீசுக்கு தினமும் சைக்கிள்தான். மாரத்தஹள்ளி பாலம் தாண்டி வெளிவட்டச் சாலையில இறங்கினதும் வினை ஆரம்பம். போன மழைக்காலத்துல ரெண்டு மாசத்துக்குள்ள ஏழு பஞ்சர்.

அந்த ரோட்டு ஆணிக் கதை எல்லாருக்கும் தெரியும். ஐடி ஊழியர் ஒருத்தர் குச்சியில காந்தம் கட்டிக்கிட்டு கிலோக் கணக்குல பொறுக்கினாரே, அதே ரோடு. ஆனா என் ஏழுல ரெண்டுதான் ஆணி. மீதி அஞ்சும் மயிரிழை மாதிரி இரும்புக் கம்பி. பஞ்சர் கடை அண்ணன் டயருக்குள்ள பஞ்சை ஓட்டினார். ஒரு இடத்துல பஞ்சு சிக்கி இழுத்துச்சு. நகவெட்டியால கடிச்சு உருவி, "தந்தி சார்"னார். நமக்குத் தந்தின்னா பேப்பர், கன்னடத்துல கம்பி! லாரி, கார் டயருக்குள்ள இருக்கிற இரும்பு வலை பிய்ஞ்சு ரோட்டோரம் கிடக்கும். நாம போறதும் அந்த ஓரத்துலதானே. மழையில ரப்பர் நனைஞ்சிருந்தா இன்னும் வழுக்கிக்கிட்டு உள்ள இறங்கும்.

கடைசியா ஷ்வால்பே கம்பெனியோட மாரத்தான் பிளஸ் டயர் வாங்கினேன். ட்யூபுக்கும் ரோட்டுக்கும் நடுவுல 5 மி.மீ. ரப்பர் மெத்தை. சமையல் தராசுல வெச்சேன்: பழைய டயர் அரைக் கிலோகூட இல்ல, இது 900 கிராமைத் தொடுது. முன்சக்கரம் பின்சக்கரம் ரெண்டுக்கும் சேர்த்தா முக்கால் கிலோவுக்கு மேல கூடுதல். என் டிபன் கேரியர் அதைவிட கனம், அதை ஒருநாளும் நான் நிறுத்துப் பாத்ததில்ல.

முதல் வாரம் நொந்துட்டேன், உண்மை. சிக்னல்ல மிதிச்சா வண்டி கிளம்பவே யோசிக்குது. காத்து குறைஞ்சிருக்கோன்னு ரெண்டு தடவை இறங்கி அமுக்கிப் பாத்தேன். எனக்குப் பட்டது, எடை பாதிதான் காரணம். தடித்த ரப்பர் ஒவ்வொரு சுத்துக்கும் நசுங்கி எழணுமே, அந்த மந்தம்தான் காலுக்குத் தெரியுது. 45 நிமிஷம் இப்ப 48. ஆனா எட்டு மாசமா பஞ்சர் பூஜ்யம். பத்து மணி மீட்டிங்குக்குக் கருப்புக் கையோட போய் நின்னவனுக்குத்தான் அந்த மூணு நிமிஷத்தோட விலை தெரியும்.

ஜெயநகர்லேர்ந்து ஒரு நண்பர்: ஆபீசுக்கு சரி. நந்திமலைக்கு அதைப் போட்டுக்கிட்டுப் போயிடாதீங்க. கணக்கு என்னவோ சின்னதுதான். ஆளும் வண்டியும் 85 கிலோன்னா, ஒரு கிலோ கூடினா 40 நிமிஷ ஏத்தத்துல அரை நிமிஷம் போகும். ஆனா ஓட்டுற சுகம் போயிடும். நான் ஞாயித்துக்கிழமைக்கு மெல்லிசு டயர் தனியா வெச்சிருக்கேன். வீட்டம்மா கேட்டா பழசுன்னு சொல்லிடுவேன்.

அல்சூர்லேர்ந்து: பஞ்சரே ஆகாதுன்னு நினைக்காதீங்க. ஹெப்பாள் பக்கம் ரெண்டு இஞ்சு ஆணி என் மாரத்தான் பிளஸ்ல நேரா ஏறிடுச்சு. ஒட்டுப் போட பத்து நிமிஷம், டயரைத் திரும்ப ரிம்முல ஏத்த முக்கால் மணி நேரம்! டயரை நெம்புற பிளாஸ்டிக் லிவர் ஒண்ணு பட்டுனு உடைஞ்சுது. வாங்குறவங்க மொதல்ல வீட்டுல ஒரு தடவை கழட்டி மாட்டிப் பழகிக்குங்க. வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு, டயர் விளிம்பை ரிம்மோட நடுப்பள்ளத்துல அமுக்கிக்கிட்டே வந்து, வால்வுகிட்ட முடிக்கணும்.

கே.ஆர்.புரத்துலேர்ந்து: காசு பாத்து நான் பழைய டயருக்குள்ள, ட்யூபுக்கு மேல வர்ற மாதிரி லைனர்னு ஒரு தடுப்புப் பட்டை போட்டேன். கம்பியைத் தடுத்துச்சு. ஆறு மாசத்துல அந்தப் பட்டையோட ஓரமே ட்யூபை அரிச்சு ஓட்டை போட்டுடுச்சு. வேலியே பயிரை மேஞ்ச கதை. லைனர் போடுறவங்க ஓரத்தை உப்புத்தாளால தேய்ச்சு மழுக்கிட்டுப் போடுங்க.

முருகேஷ்பாளையம்: அல்சூர் நண்பரே, நடுப்பள்ள யோசனைக்கு நன்றி, நேத்து ராத்திரி பழகிப் பாத்தேன். 25 நிமிஷம். கட்டைவிரல் இன்னும் வலிக்குது.