தனிநபருக்கேற்ற இணையத் தேடல்: எங்கள் இறுதியாண்டு ஆய்வை நிறுவனமாக வளர்க்கலாமா?

கேள்வி – வெள்ளவத்தை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் கணினி விஞ்ஞானம் பயிலும் இறுதியாண்டு மாணவி. நானும் என் வகுப்பைச் சேர்ந்த மூவரும், தேடுபவரின் ஊரையும் தேவையையும் கருத்திற்கொண்டு முடிவுகளை வரிசைப்படுத்தும் தமிழ்த் தேடற் கருவி ஒன்றை ஆய்வுச் செயற்றிட்டமாகச் செய்து வருகிறோம். இதனை ஒரு தொடக்க நிறுவனமாக வளர்க்கலாம் என்று எங்கள் மேற்பார்வை விரிவுரையாளர் கூறுகிறார். முடிவெடுக்கும் முன்னர் அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுத் தெளிவடைய விரும்புகிறேன்.

இந்த எண்ணம் தோன்றிய இடத்தைச் சொன்னால் கேள்வி இன்னும் விளங்கும் என்று நினைக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னர் காலி வீதியிலுள்ள ஒரு கொமினிகேஷனில், அதாவது நிழற்பிரதி, இணைய வசதிகள் உள்ள கடையில், நிழற்பிரதி எடுக்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர், மகளின் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கடையிலிருந்த தம்பியிடம் கேட்டார். அவர் கேள்வியைத் தமிழிலேயே தட்டித் தேடினார். முதற் பக்கத்தில் வந்தவை ஏறக்குறைய எல்லாமே தமிழ்நாட்டுப் பக்கங்கள். அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் 'வட்டாட்சியர் அலுவலகம்' என்ற சொற்களின் மேல் விரலை வைத்து, "இது எங்கட கந்தோரோ தம்பி?" என்று கேட்டார். தம்பி மூன்று பக்கங்களைத் திறந்து மூடிய பின்னர், அதே கேள்வியை ஆங்கிலத்தில் தட்டியதும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பக்கம் முதலாவதாக வந்தது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாவிட்டால் அந்த அம்மாவின் அலுவல் அன்று நடந்திருக்காது என்பது என் மனத்தை விட்டு அகலவில்லை.

முன்னோடிகளைத் தேடியபோது, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003 ஆம் ஆண்டு செப்டெம்பரில் கூகிள் வாங்கிக்கொண்ட கால்ட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைப் பற்றி அறிந்தேன். மூவர் தொடங்கிய அந்நிறுவனம் சில மாதங்களே தனித்து இயங்கியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தனிநபருக்கேற்ற தேடலை இத்தனை ஆண்டுகளாகச் செய்துவரும் வேளையில், நான்கு மாணவர்கள் செய்வதற்கு என்ன மிஞ்சியிருக்கிறது? ஆய்வின் உரிமை யாருடையது? எங்கள் கருவியைப் பரிசோதித்து உதவுபவர்களின் தேடற் பதிவுகளை நாங்கள் எவ்வாறு வைத்திருக்க வேண்டும்?

பதில் 1 – பழைய மொறட்டுவைக்காரன்

தங்கச்சி, தேடுபொறித் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் கால்ட்டிக்ஸ் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் அதிலிருந்து பலர் தவறான பாடத்தையே எடுத்துக்கொள்கிறார்கள்.

கால்ட்டிக்ஸைத் தொடங்கிய செபந்தர் கம்வார், தஹேர் ஹவேலிவாலா, கிளென் ஜே ஆகிய மூவரும் தனிநபருக்கேற்ற தேடல் என்ற எண்ணத்தைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். அந்த எண்ணம், கூகிளின் நிறுவுநர்களான லாரி பேஜும் சேர்ஜி பிரினும், இணைப்புகளைக் கொண்டு பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ராங்க் முறையை விளக்கி எழுதிய முதல் அறிக்கையிலேயே இருக்கிறது. இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கம் பக்கமாக அலையும் ஒரு வாசகரைக் கற்பனை செய்யுங்கள். நூறு அடிகளில் ஏறத்தாழ 85 தடவை அவர் அந்தப் பக்கத்திலுள்ள ஏதாவதோர் இணைப்பைப் பிடித்துச் செல்கிறார். மீதி 15 தடவை அலுத்துப்போய் வேறெங்கோ தாவுகிறார். அவர் எந்தப் பக்கத்தில் அடிக்கடி நிற்கிறாரோ அந்தப் பக்கத்துக்கு மதிப்புக் கூடுகிறது. தாவும் இடம் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக இருந்தால் அனைவருக்கும் ஒரே தரவரிசை கிடைக்கும். அவர் தனக்குப் பிடித்த பக்கங்களுக்கு மட்டுமே தாவுகிறார் என்று வைத்தால் அதுவே அவருக்குரிய தரவரிசையாகிவிடும். அந்த அறிக்கையில், கணினி விஞ்ஞானி ஜோன் மக்கார்த்தியின் முகப்புப் பக்கத்துக்கு மட்டும் தாவும்படி வைத்து இதனைச் செய்தும் பார்த்தார்கள்.

சிக்கல் செலவில்தான் இருந்தது. முழு இணையத்துக்கும் ஒரு தடவை தரவரிசை கணிப்பதே பெருவேலையாக இருந்த காலத்தில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணிப்பது நடவாத காரியம். ஹவேலிவாலா 2002 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், இணையத்தளங்களைத் தலைப்புவாரியாக அடுக்கிய திறந்த இணையக் கோவையின் 16 தலைப்புப் பிரிவுகளுக்கு மட்டும் முன்கூட்டியே தரவரிசைகளைக் கணித்து வைத்துக்கொண்டு, கேள்வி வந்ததும் அதற்குப் பொருத்தமான விகிதத்தில் அவற்றைக் கலந்தார். இவ்வாறு கலக்க முடிவதற்குக் காரணம் கணக்கின் நேரியல் தன்மை: ஒருவருடைய விருப்பம் விளையாட்டில் 70 வீதமும் மருத்துவத்தில் 30 வீதமும் என்றால், அவ்விரு தரவரிசைகளையும் அதே விகிதத்தில் கூட்டினாலே போதுமானது. கிளென் ஜேயும் பேராசிரியர் ஜெனிபர் விடோமும் 2003 இல், பலருக்கும் பொதுவான பகுதிகளை ஒருமுறை கணித்துப் பகிர்ந்துகொள்ளும் வழியைக் காட்டினார்கள். கம்வாரும் ஹவேலிவாலாவும் வேறு சிலருடன் சேர்ந்து, ஒரு தளத்தின் இணைப்புகளில் பெரும்பாலானவை அதே தளத்துக்குள்ளேயே சுற்றுகின்றன என்பதைப் பயன்படுத்திக் கணிப்பின் வேகத்தைக் கூட்டினார்கள். இந்த முறைகளால் ஐந்து மடங்கு வரை வேகம் கிடைக்கக்கூடும் என்று அப்போது செய்தி வெளியானது. கூகிள் வாங்கியது அந்தச் சிக்கனத்தையும் அதனைக் கண்டறிந்த மூளைகளையும்தான்.

ஆகவே, உங்கள் கருவி எதைச் செய்கிறது என்பதை விட, மற்றவர்களால் மலிவாகச் செய்ய முடியாத எதனை நீங்கள் மலிவாகச் செய்கிறீர்கள் என்பதே முக்கியமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் விடை எழுத முடியாவிட்டால் நிறுவனத்தைப் பதிவு செய்ய அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழ்ப் பக்கங்கள் ஒன்றையொன்று இணைப்பது மிகக் குறைவு. செய்தித்தளங்கள் செய்தியைப் பிரதி செய்கின்றனவே அல்லாமல் மூலப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதில்லை. மக்கள் தகவலைப் பகிர்வது முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும். இணைப்புகள் மெலிந்த வலையில் அலையும் வாசகர் அதிக தூரம் போகமாட்டார். உங்கள் உழைப்பின் பெரும்பகுதியை இணைப்புக் கணக்கில் செலவழிக்காதீர்கள்.

பதில் 2 – மொழிபெயர்ப்பு மேசை

நான் அரசாங்க ஆவணங்களைத் தமிழாக்குபவள்; கணினி நிபுணத்துவம் எனக்கில்லை. ஆனால் அந்த அம்மாவின் கேள்வி என் மேசைக்கு நாள்தோறும் வருகிறது என்பதால் எழுதுகிறேன்.

நமக்கும் தமிழ்நாட்டுக்கும் எழுத்து ஒன்று, அலுவலகச் சொற்கள் வேறு. நாம் கிராம உத்தியோகத்தர் என்போம், அங்கே கிராம நிர்வாக அலுவலர் என்பார்கள். நமது பிரதேச செயலகம் செய்யும் பல வேலைகளை அங்கே வட்டாட்சியர் அலுவலகம் செய்கிறது. நமது வைத்தியசாலை அங்கே மருத்துவமனை, நமது உயர்தரம் அங்கே பிளஸ் டூ. 'வெட்டுப்புள்ளி' என்று ஒரு மாணவர் தேடினால் அவருக்கு வேண்டியது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இசட் புள்ளிப் பட்டியல் என்பது இங்குள்ள எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தேடுபவர் யார் என்று எதையும் துருவாமல், அவர் எழுதிய ஒரு சொல்லே அவர் எந்த நாட்டவர் என்று பல வேளைகளில் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் கருவி முதலில் அந்தச் சொல்லைக் கவனிக்கட்டும்.

அடுத்து, எழுத்துருச் சிக்கல். இங்குள்ள அலுவலகங்கள் பல ஆண்டுகளாகத் தமிழை பாமினி எழுத்துருவில் தட்டி வந்தன. அவ்வகை ஆவணத்தில் கண்ணுக்குத் தெரிவது தமிழாக இருந்தாலும், கணினிக்குள் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் எழுதித் தேடுபவருக்கு அந்தச் சுற்றறிக்கை இருப்பதே தெரியாது. சென்ற வாரமும் ஒரு சுற்றறிக்கையின் பழைய தமிழ்ப் பிரதியைத் தேடிக் களைத்து, கடைசியில் ஆங்கிலத் தலைப்பைக் கொண்டு கண்டெடுத்தேன். கோப்பு முழுவதும் பாமினி. இவ்வாறான ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றி அட்டவணைப்படுத்தினால், வேறு எந்த நுட்பமும் இல்லாமலேயே ஆயிரக்கணக்கானோருக்கு நீங்கள் உதவியிருப்பீர்கள்.

சொல் திரிபையும் மறந்துவிடாதீர்கள். 'வீடு' என்று தேடுபவருக்கு 'வீட்டுக்கு', 'வீட்டில்', 'வீட்டின்' என்று எழுதப்பட்ட பக்கங்களும் வந்தாக வேண்டும்.

பதில் 3 – உரிமையும் தரவும்

உரிமை பற்றிய கேள்விக்கு எவரும் விடையளிக்கவில்லை என்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். பேஜ்ராங்க் காப்புரிமம் கண்டுபிடித்த மாணவரிடம் இருக்கவில்லை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமே அதன் உரிமையாளர். அதைப் பயன்படுத்தும் அனுமதிக்காகப் பல்கலைக்கழகம் பெற்ற கூகிள் பங்குகள் 2005 இல் ஏறக்குறைய 33 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டன. இதனால் எவருக்கும் நட்டமில்லை, ஏனெனில் நிபந்தனைகள் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தன.

நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கணினி நிரல் பதிப்புரிமையால் பாதுகாக்கப்படுகிறது; வெறும் கணித முறைக்குக் காப்புரிமம் கிடையாது. நால்வருக்கும் இடையிலும், உங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலும் எழுத்து மூலமான உடன்பாடு வேண்டும். நிரலை எழுதியவர் யார், எந்த ஆய்வுகூடத்தின் கணினியைப் பயன்படுத்தினீர்கள், மேற்பார்வையாளரின் பங்கு என்ன என்பவற்றை நினைவு பசுமையாக இருக்கும்போதே குறித்து வையுங்கள். பணம் வந்த பின்னர் பேசத் தொடங்கினால் நட்பு கெடும்.

தேடற் பதிவுகள் குறித்து நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஏறக்குறைய ஆறரை இலட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களை, பெயர்களை நீக்கி எண்களை மட்டும் இட்டு, ஆய்வாளர்களுக்கென வெளியிட்டது. சில நாட்களுக்குள் பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குரிய பெண்மணியை அவர் தேடிய சொற்களைக் கொண்டே கண்டுபிடித்து, அவருடைய வீட்டு வாசலில் போய் நின்றார்கள். ஒருவர் நோயைத் தேடுகிறார், கடனைத் தேடுகிறார், காணாமற்போன உறவினரைத் தேடுகிறார். நம் சமூகத்தில் அப்படியொரு பட்டியல் கைமாறினால் என்ன நேரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை நால்வரும் முழுமையாக வாசியுங்கள். சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கும்படி கோரவும் அச்சட்டம் வழிவகுக்கிறது. எழுபது பரிசோதகர்கள் இருந்தால் எழுபது பேரிடமும் தமிழில் விளக்கிச் சம்மதம் பெறுங்கள்.

வெள்ளவத்தை மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணா கேட்ட அந்த ஒரு வரியை நேற்றிரவு நால்வரும் அமர்ந்து எழுதிப் பார்த்தோம். எழுத முடியவில்லை, ஆனால் அக்கா சொன்ன பாமினி ஆவணங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எங்கள் பேச்சு மாறிவிட்டது. என் நண்பர் ஒருவர் எழுத்துருவைத் தானாக இனங்காணும் நிரலின் முதற் பகுதியை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்.

ஆயினும் ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. அந்தக் கொமினிகேஷனுக்கு இன்னொரு நாள் சென்று அரைமணி நேரம் கவனித்தேன். ஒரே கணினியில் ஒருவர் கடவுச்சீட்டுப் படிவமும், ஒருவர் திருமணப் பொருத்தமும், பாடசாலைப் பிள்ளை ஒருவர் கடந்தகால வினாத்தாளும் தேடினார்கள். பின்னர் வந்த பெரியவருக்கு, முன்னர் தேடியவரின் விருப்பத்துக்குரிய பரிந்துரைகளே திரையில் எழுந்தன. பலர் பயன்படுத்தும் ஒரு கணினியில் தனிநபருக்கேற்ற தேடல் என்பது எவ்வாறு சாத்தியமாகும்?

பழைய மொறட்டுவைக்காரன்

நல்ல கேள்வி, தங்கச்சி. கூகிள் 2009 டிசம்பரில், கணக்குக்குள் நுழையாதவர்களுக்கும் 180 நாள் தேடல்களைக் குக்கி (உலாவியில் தளங்கள் சேமித்து வைக்கும் சிறு அடையாளக் கோப்பு) வழியாகக் கொண்டு முடிவுகளை மாற்றத் தொடங்கியது. ஒரு கணினியை ஒருவரே பயன்படுத்துகிறார் என்ற எடுகோள் அதில் மறைந்திருக்கிறது. கொமினிகேஷனில் அது பொய்த்துப் போகிறது.

நீங்கள் அதற்கு முந்திய வழிக்குத் திரும்பலாம். 2004 மார்ச்சில் கூகிள் ஆய்வகத்தில் வெளியான தனிநபருக்கேற்ற தேடலின் முதல் வடிவம் எவரையும் பின்தொடரவில்லை. பயனர் தமக்கு விருப்பமான துறைகளைத் தாமே தெரிவுசெய்தார். முடிவுகள் எவ்வளவு மாற வேண்டும் என்பதை ஒரு நகர்த்தியை இழுத்துத் தீர்மானித்தார். உங்கள் கருவியிலும் முகப்பில் மாவட்டத்தைத் தெரிவுசெய்யும் ஒரு பெட்டி இருக்கட்டும். மாவட்டங்கள் 25 தான். ஒவ்வொன்றுக்கும் உரிய வரிசையை இரவிலேயே கணித்து வைத்துவிடலாம். தெரிவு அந்த அமர்வு முடிந்ததும் அழியட்டும், சேவையகத்தில் எதுவும் தங்கக்கூடாது. தரவுப் பாதுகாப்புப் பற்றி மேலே எழுதியவரின் கவலையில் பெரும்பகுதி அப்போது எழாது.

முதல் வடிவம் தயாரானதும் அந்தக் கடைக்கே கொண்டுபோய், கடைத் தம்பியிடம் கொடுத்து, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைத் தமிழில் தேடச் சொல்லுங்கள். முதலாவதாக என்ன வந்தது என்பதை இங்கே வந்து எழுதுங்கள்.